புஸ்ஸென்று விட மாட்டேன்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

நம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். ஃப்ரிட்ஜ்களுக்குத்தான் நலமில்லை, அவற்றுக்கு நலமில்லாததால்தானே நாம் நலமாக இருக்கிறோம். அங்கே அக்காவும் பிறந்த குழந்தையும் நலமென்று சித்தி சொன்னார். குழந்தை அப்படியே உங்கள் ஜாடை என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். கண்ணையே சரியாகத் திறக்காத குழந்தைமேல் இவ்வளவு பெரிய பழியைப் போட வேண்டாம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் உம் கொட்டுவேன், நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து உங்களுக்கு சிக்னல் போய்விடும். கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. நாளைக் காலை சித்தி அங்கே கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நேற்று நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "ஐஸ்கிரீம் முதலாளியோட குளிர் ரூம் கேஸத் திறந்து விட்டுட்டு புதுசு நிரப்பிக் குடு. முடியாதுன்னா சாவிய மெக்கானிக் கையில குடுத்துட்டு வீட்டுக்குப் போய்ச் சேரு." என் பதில் இது: திறந்து விடவும் மாட்டேன், வீட்டுக்குப் போகவும் மாட்டேன்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பீர்கள். நீங்கள் கடையை என்னிடம் விட்டுவிட்டு அக்காவின் பிரசவத்துக்குக் கிளம்பிய மறுநாள் மெக்கானிக் அண்ணன் பின்கட்டில் ஒரு பழைய ஃப்ரிட்ஜைச் சாய்த்து வைத்துக் குழாயை வெட்டினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆவி பிரிஞ்சிடுச்சு பாப்பா" என்றார். எங்கே போகிறது என்று கேட்டேன். ஆவி எங்கே போகும், மேலேதான் என்றார். சித்தப்பா, எனக்கு மேலே போவது என்றாலே கொஞ்சம் யோசனை வரும். ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கிற அந்தப் பழைய ரக கேஸ் மெதுவாக உயர ஏறி, வெயிலின் கெட்ட கதிர்களை நமக்காக வடிகட்டிக்கொண்டிருக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று படித்திருக்கிறேன். எதிலும் ஒத்துப்போகாத உலக நாடுகள் எல்லாம் ஒரு முறை அதிசயமாக ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட்டு, அந்தக் காயம் இப்போதுதான் மெல்ல ஆறிக்கொண்டு வருகிறதாம். அந்தப் புண்ணில் தினம் பின்கட்டிலிருந்து குத்துகிற ஒரே கடை நம்முடையதாக இருக்க வேண்டுமா? இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள், "வானம் என்ன நம்ம வாடகை வீடா, எதுக்கும் யாரையும் கேட்டுக்கிட்டு இருக்க" என்றீர்கள். வாடகை வீடுதான் சித்தப்பா. அதனால்தான் சுவரில் ஆணி அடிக்குமுன் யோசிக்கச் சொல்கிறேன்.

சரி, காற்றைக் காப்பாற்றுவது என்று இறங்கிய பிறகு அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று பார்சல் தெர்மாகோலைப் பின்கட்டில் கொளுத்துவதையும் நிறுத்தினேன். கொளுத்தவில்லை என்றால் அது எங்கே போகும்? எங்கும் போகவில்லை. கடைக்குள்ளேயே வளர்ந்தது. முதலில் வாசலை மறைத்தது, பிறகு ஜன்னலை மறைத்தது, இப்போது மெக்கானிக் அண்ணன் அதன்மேல் சாய்ந்து மதியம் தூங்குகிறார். எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை உருண்டைகள் ஒட்டிக்கொண்டு பனியில் புரண்ட கரடி மாதிரி வருகிறார். அவருடைய வாசனை ஸ்ப்ரேயையும் பிடுங்கி வைத்தேன், அதிலும் ஓசோனைத் தின்னும் கேஸ் இருக்கும் என்று. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால் அந்தக் கேஸெல்லாம் இல்லவே இல்லை, அதெல்லாம் எப்போதோ நிறுத்தியாகிவிட்டதாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இடைப்பட்ட நாட்களில் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தெருவிலிருந்தபடியே பேசிவிட்டுப் போனதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

இந்த நிலையில்தான் ஐஸ்கிரீம் முதலாளி வந்தார். அவருடைய குளிர் அறை குளிரவில்லை. நீங்கள் அங்கே தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, அதைக் கண்ணால் பார்க்காமலே, "கேஸ் பழசாயிருக்கும், வருஷா வருஷம் வர்றதுதான், பழச எறக்கிட்டு புதுச ஏத்துங்க" என்று போனில் தீர்ப்புச் சொன்னீர்கள். மெக்கானிக் அண்ணன் உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் ஸ்பேனரைப் பிடுங்கி உங்கள் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். கேஸைப் பிடித்து சிலிண்டரில் அடைக்கிற மிஷின் ஒன்று தொழிற்பயிற்சிக் கூடத்தில் இருக்கிறது, கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், அது வருகிறவரைக்கும் அந்த வால்வை ஒருத்தரும் தொடக் கூடாது என்று சொன்னேன். அதற்கு மெக்கானிக் அண்ணன், "நான் இந்தக் கடைக்கு வந்தப்ப நீ ஸ்கூலுக்கே போகல பாப்பா" என்றார். இப்போது போய் வந்துவிட்டேன், அதுதான் பிரச்சினை என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. வேண்டிய சாமானைச் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். நானும் சுவருக்கே பதில் சொல்கிறேன்.

முதலாளி சும்மா இருப்பாரா? தம் சரக்கையெல்லாம் எதிர்க்கடை, தங்கை வீடு, தெரிந்தவர் தெரியாதவர் ஃப்ரிட்ஜ் என்று தெருத்தெருவாகக் குடியேற்றிவிட்டு, கடைக்கு நேராக வந்து நின்று சத்தம் போட்டார். "ஏம்மா, எல்லாரும் பொசுக்குனு திறந்து விடுறாங்க. நீ மட்டும் ஏன் பிடிச்சு வச்சுக்கிட்டு உயிர எடுக்குற?" கூட்டம் கூடிவிட்டது. நான் கூச்ச சுபாவக்காரி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கடையில் பேரம் பேசக்கூட வாய் வராது. அன்று படியில் ஏறி நின்று பேசினேன் சித்தப்பா. உங்கள் குளிர் அறைக்குள் இருப்பது கேஸ் இல்லை, நம் எல்லோர் தலைக்கும் மேலே இருக்கிற கூரையின் விதி. இன்றைக்கு நீங்கள் அதைத் திறந்து விட்டால் நாளைக்கு உங்கள் பேரன் வெயிலில் நிற்பான் என்றேன். அவர், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா என்றார். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். நான் இறங்கவில்லை.

ஆகவே இதுதான் முடிவு. அவர் வேறு கடைக்குப் போனாலும் சரி, நீங்கள் என்னை வெளியே அனுப்பினாலும் சரி, அந்த அறையில் உள்ள கேஸில் ஒரு மூச்சுகூடக் காற்றில் கலக்க நான் சம்மதிக்க மாட்டேன். கலக்கத்தான் வேண்டுமென்றால் நீங்களே வந்து, உங்கள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் கையால் திறந்து விடுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. குழந்தைக்கு உச்சந்தலையில் ஒரு முத்தம். மாமாவிடம் கிடைத்த நேரத்தில் தூங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், குழந்தை வந்த வீட்டில் இனிமேல் முழுத் தூக்கம் நடக்காது. உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை இந்தக் கடிதத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பணிந்து வணங்கும், ஆனால் பணியாத,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மிஷின் வந்து சேர்ந்தது. டிராயரைத் திறந்து ஸ்பேனரைக் கொடுத்தேன். முதலாளியும் பாதித் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, மெக்கானிக் அண்ணன் கேஸ் அழுத்தம் காட்டும் மானியை மாட்டினார். முள் அசையவில்லை. தட்டினார். அசையவில்லை. உள்ளே கேஸே இல்லை சித்தப்பா. அதனால்தான் குளிரவில்லை. இத்தனை நாள் நான் காவல் காத்தது வெறும் குழாயை. நீங்கள் திறந்து விடச் சொன்னதும் அதையேதான். வால்வைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஸ்பேனரைப் பூட்டியது நான். குழாய்க்குள் காற்றடித்துச் சோப்பு நுரை தடவிப் பார்த்ததில், சில வருஷங்களுக்கு முன் நீங்களே உங்கள் கையால் பற்றவைத்த குழாய் மூட்டில் குமிழ் வந்தது. கேஸ் பழசாகாதாம், கசியத்தான் செய்யுமாம்; வருஷா வருஷம் நாம் நிரப்ப, வருஷா வருஷம் அது மேலே போயிருக்கிறது, புஸ்ஸென்ற சத்தம்கூட இல்லாமல். மெக்கானிக் அண்ணன் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்துல்ல பாப்பா ஏமாந்தோம்" என்றார். முதலாளி யாரைத் திட்டுவது என்று கேட்டார். நீங்கள் வரும்வரை என்னையே திட்டச் சொன்னேன். திட்டி முடித்துவிட்டு, இப்பவாவது கேஸ நிரப்புவியா என்றார். அந்தக் கசிவை அடைக்காமல் நிரப்ப மாட்டேன் என்றேன்.