கவிதை தினத்தில் கட்டிய காப்பு

எதைச் சொல்வது என்று தெரிந்தவனை விட, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்பவனுக்குத்தான் ஊரில் மரியாதை அதிகம். திட்டும் அவனுக்குத்தான் அதிகம். இரண்டையும் வயிறு முட்ட வாங்கியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கீரனூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆள் வராத நேரத்தில் வசன கவிதை எழுதுவேன். (ஆள் வந்த நேரத்திலும் எழுதி, ஒருவருடைய பட்டாவை இன்னொருவருடைய ஆதாரோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்ததும் உண்டு.) ஊருக்கென்று வாட்ஸ்அப் குரூப் தொடங்கியபோது, சும்மாதானே இருக்கிறான் என்று என்னை அட்மின் ஆக்கினார்கள். நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு ‘இன்று’ என்று தலைப்பிட்டு ஒரு படம் போட ஆரம்பித்தேன். அன்றைய தேதிக்குரிய ஒரே ஒரு விசேஷம், அதன் கீழே என் சொந்தச் சரக்காகச் சில வரிகள்.

ஒரு நாளுக்கு ஒன்றுதான் என்பது நானே போட்ட சட்டம். சொல்லச் சுலபம். ஒவ்வொரு தேதியின் வாசலிலும் ரேஷன் கடை போலக் கூட்டம் நிற்கும். ஒரு தலைவர் பிறந்த நாள், இன்னொரு தலைவர் மறைந்த நாள், எங்கோ ஒரு நாடு விடுதலை அடைந்த நாள், எங்கள் ஊருக்கு முதல் மினி பஸ் வந்த நாள். தலைவரைப் போட்டால் எதிர்க்கட்சிக்காரர் கடைக்கே வந்து நிற்பார். அதனால் நான் பெரும்பாலும் குருவி, தவளை, மண், மழை என்று ஒதுங்கிவிடுவேன். சிட்டுக்குருவிக்குக் கட்சி கிடையாது.

அப்படியும் தப்ப முடியவில்லை. உலக முட்டை தினம் ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில்தான் வந்து தொலைக்கும். ஊரே சைவம் சாப்பிடும் மாதத்தில் முட்டையின் வெண்மையைப் பற்றி உருகி எழுதி, பெருமாள் பக்தர்கள் ஏழு பேரைக் குரூப்பிலிருந்து வெளியேற வைத்தேன். உலகச் சிரிப்பு தினத்தில் கீழத்தெருவில் ஒரு சாவு. என் படத்துக்குக் கீழேயே இரங்கல் செய்தி வந்தது.

இருந்தாலும் ஊர் என்னை நம்பியது. எதுவானாலும் குரூப்பில் வந்தால்தான் நிஜம் என்ற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கோவில் அறிவிப்பைத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லும் வழக்கம்கூட நின்று போனது. “நீங்க போட்டா சிங்கப்பூர் வரைக்கும் கேக்குது மாப்ள” என்றார் அம்பலம். (ஊர்த் தலைவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்கு மாமா முறை.) அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியது. விழும்போது அந்த அங்குலமும் சேர்ந்து வலித்தது.

இனிக் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்குனியில் எங்கள் அம்மனுக்குக் காப்புக் கட்டி, ஒரு வாரம் திருவிழா. காப்புக் கட்டும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருந்தவர்கள், அதை அவிழ்க்கும் வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும். விருந்தாளியோ, குச்சி ஐஸ் விற்க வந்தவரோ, அந்த நேரத்தில் உள்ளே இருந்தால் அவரும் ஊர்க்காரர்தான். அந்த வாரம் கல்யாணப் பேச்சு ஆகாது. குழம்பு தாளிக்கவும் கூடாது.

அந்த வருடம் திருவிழாத் தேதியில் ஊருக்குள் ஒரு தகராறு. அடுத்த வாரம்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தைரியத்தில்தான் என் அக்கா தன் மகள் கயலைப் பெண் பார்க்கத் திருச்சிக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். மூன்று வருடமாக மாப்பிள்ளை தேடிக் களைத்திருந்தாள் அக்கா. ஜாதகம் சேர்ந்தால் படிப்பு சேராது, படிப்பு சேர்ந்தால் யாராவது வந்து எதையாவது ஓதிவிடுவார்கள். இந்த இடம் எல்லாம் சேர்ந்து வந்தது. “தாய்மாமன்னு முன்னால நில்லு, அது போதும். வாயைத் திறந்து கவிதை கிவிதை சொல்லிறாத” என்பது எனக்கு இட்ட கட்டளை.

சனிக்கிழமை சாயங்காலம் அம்பலம் போன் செய்தார். “பேசி முடிச்சாச்சு மாப்ள. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் காப்பு. குரூப்புல போட்டு விட்ருங்க. வெளியாளுக யாரும் உள்ள இருந்துறக் கூடாது.” போட்டுவிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் அந்த ஞாயிறு, உலகக் கவிதை தினம். வருடத்தில் எனக்கென்று வருகிற ஒரே நாள். அதற்காக ஒரு வாரமாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருந்தேன். அதன் கீழே ‘பத்து மணிக்குக் காப்பு, பக்தர்கள் கவனிக்கவும்’ என்று போட்டால் என்ன ஆகும்? பட்டுப் புடவையில் பால் கணக்கு எழுதின மாதிரி ஆகும். ஆகவே ஐந்து மணிக்குக் கவிதையைப் போட்டேன். காப்பை எட்டு மணிக்குத் தனியாகப் போடலாம் என்று ஒதுக்கி வைத்தேன். எட்டு மணிக்கு நான் எனக்கு வந்த கைதட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

(திருச்சிக்காரர்கள் பதினொரு மணிக்குத்தானே வருவார்கள், காப்பு முடிந்த பிறகு வந்தால் பாதகமில்லை என்று யோசித்துத்தான் விட்டேன் என்று எழுதினால் என்மேல் மதிப்பு கூடும். நான் யோசிக்கவே இல்லை.)

என் கவிதையின் கடைசி வரிகளை இங்கே தருவது அவசியம்: ‘கவிதைக்கு எல்லைக்கல் கிடையாது. யாரும் வரலாம். யாரும் போகலாம்.’

மாப்பிள்ளையின் அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு மணி என்றால் ஒன்பதரைக்கு வந்து நிற்பதுதான் அவருடைய அகராதியில் நேரம் தவறாமை. கூட அவர் மனைவி, மகன் சரவணன். பையன் ஒரு வங்கியில் வேலை, நல்ல களை. அக்கா வீடும் என் வீடும் ஒரே சுவர். ஊரின் கடைசியில், மெயின் ரோட்டை ஒட்டி, எல்லைக்கல்லுக்கு நாலு வீடு உள்ளே. கோவில் பக்கத்துப் பேச்சு எங்களுக்கு வந்து சேர மத்தியானம் ஆகும்.

கேசரி வைத்தாயிற்று. கயல் காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். அப்போது கோவில் பக்கம் அதிர்வேட்டு வெடித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கவிதை தினத்துக்குத்தான் வெடிக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கேள்விக்கு என் முகத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும். அவள் கையிலிருந்த கரண்டி கேசரிக்குள் மெல்ல அமிழ்ந்தது.

கொஞ்ச நேரத்தில், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு அம்பலம் வந்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்தார், உள்ளே இருந்த செருப்பில்லாத மூன்று ஜோடிக் கால்களைப் பார்த்தார்.

“எப்ப வந்தீங்க?”

“ஒன்பதரை” என்றார் டைம் கீப்பர், பெருமையாக.

அம்பலம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அடுத்த ஞாயிறு வரைக்கும் ராத்தங்கல் இங்கேதான் என்றார். டைம் கீப்பர் எழுந்துவிட்டார். இதெல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள், வண்டியை எடுடா என்று மகனை அதட்டினார். வண்டியும் புறப்பட்டிருக்கும். ஆனால் அவர் மனைவி உட்கார்ந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நான் வரலைங்க. போற வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஆத்தா இருக்கச் சொல்லுது. இருந்துட்டுப் போவோம்.”

“அதெப்படிங்க, ஊருக்கு ஒரு தாக்கல் சொல்ல மாட்டீங்களா?” என்று டைம் கீப்பர் அம்பலத்திடம் பாய்ந்தார். அம்பலம் போனை எடுத்து, கண்ணாடியை மாட்டி, என் கவிதையை முழுதாக வாசித்துக் காட்டினார். யாரும் வரலாம் என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். யாரும் போகலாம் என்ற இடத்தில் டைம் கீப்பர் என்னைப் பார்த்தார்.

“சரி. காப்பு அவுக்குற வரைக்கும் கல்யாணப் பேச்சு ஆகாது. தட்டை உள்ள எடுத்து வைங்கத்தா” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அம்பலம் போனார். கயல் காபித் தட்டோடு அப்படியே திரும்பி உள்ளே போனாள். அவள் முகத்தை அவர்கள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

பெண் பார்க்க வந்தவர்கள், பெண் வீட்டிலேயே ஒரு வாரம், பெண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை நான் எந்தக் கவிதையிலும் யோசித்ததில்லை. அந்த அம்மாள் அக்கா வீட்டில். அப்பாவும் மகனும் என் வீட்டில், என் கைலிகளில். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். இந்த இடமும் போச்சு என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்கும். தாளிக்காத சாம்பாரை மூன்று வேளையும் மென்றுகொண்டே (சாம்பாரை மெல்ல முடியும் என்று அந்த வாரம்தான் தெரிந்தது) டைம் கீப்பர் என்னையே பார்ப்பார்.

காலை ஐந்து மணிக்கு அவரே என்னைத் தட்டி எழுப்புவார். “இன்னைக்கு என்ன நாளுங்க?”

திங்கட்கிழமை, உலகத் தண்ணீர் தினம் என்றேன். “அப்ப குளிக்க ரெண்டு வாளி எடுத்து வைங்க.” செவ்வாய், வானிலை தினம். மின்விசிறி நின்றுபோன வியர்வையில் உட்கார்ந்து வானத்தைக் காட்டினார். புதன், காசநோய் தினம். அதைச் சொன்ன பாவத்துக்கு, அன்று முழுக்கத் தொண்டைக் கமறலை அடக்கிக்கொண்டு என்னைச் சபித்தார். சனிக்கிழமை நாடக தினம் என்றபோது, “அது ஒரு வாரமா நடக்குதே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பகலில் அவருக்குப் பொழுது போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று மினி பஸ்ஸை நேரம் பார்க்க ஆரம்பித்தார். டிரைவர் பயந்து, சரித்திரத்தில் முதல்முறையாக எங்கள் ஊருக்கு மினி பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.

அந்த பஸ்ஸில்தான் சரவணன், காரை வாசலிலேயே விட்டுவிட்டு, தினமும் கீரனூர் போய், அங்கிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்பி வருவான். கீரனூர் லேப் ஒன்றில் வேலை பார்க்கும் கயலுக்கும் அதே பஸ்தான். கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பதுதான் சட்டம். மற்றதைப் பேசக் கூடாது என்று அம்மன் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காப்பை அவிழ்த்தார்கள். அக்கா ஒரு வாரம் கழித்துக் கடுகு தாளித்தாள். அந்த மணம் தெருவெல்லாம் பரவியது. டைம் கீப்பர் தன் சொந்த வேட்டி சட்டைக்கு மாறி நடுக்கூடத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடி வாங்கத் தோதாகத் தூண் ஓரம் நின்றேன்.

“என் சர்வீஸ்ல ஒரு வண்டியைக்கூட நான் லேட்டா விட்டதில்லைங்க. என்னையே ஒரு வாரம் நிப்பாட்டிப்புட்டாரு இவரு” என்றார். கொஞ்சம் நிறுத்தினார். “பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. பையனைக் கேக்கவே வேணாம், தெனம் அரை மணி முந்தியே பஸ் ஸ்டாப்புல நிக்கிறான். ஒரே ஒரு கண்டிசன்.”

அக்கா அரைப் பவுன், ஒரு பவுன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பாள்.

“கல்யாணப் பத்திரிகையில இவரு ஒரு வரிகூட எழுதக் கூடாது.”

அக்கா ஒரு வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள். “எழுத மாட்டான். எழுதுனா கைய ஒடிச்சுப்புடுறேன்” என்றாள், அழுதுகொண்டே.

அப்படி என்னதான் பஸ்ஸில் பேசினீர்கள் என்று பிறகு கயலிடம் கேட்டேன்.

“ஒங்க கவிதையத்தான் மாமா. அவரு ஒரு வரி சொல்வாரு, நான் ஒரு வரி சொல்வேன். கீரனூர் வர்ற வரைக்கும் சிரிப்போம்.”

என் எழுத்து இரண்டு உள்ளங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று வாலிபத்தில் ஆசைப்பட்டிருக்கிறேன். இந்த முறையில் என்று குறிப்பிட்டுச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அட்மின் பதவி அந்தத் திருவிழாவோடு போயிற்று. இப்போது கயல்தான் திருச்சியில் இருந்துகொண்டு ஊர்க் குரூப்பைப் பார்த்துக்கொள்கிறாள். காப்பு, கரண்ட் கட், ரேஷன், சாவு எல்லாம் நேரத்துக்கு வருகின்றன. திருச்சிக்கு யார் போய்வந்தாலும், சம்பந்தியாகிவிட்ட டைம் கீப்பர் என்னிடம் முதலில் கேட்கச் சொல்லி அனுப்புவது, இன்றைக்கு என்ன நாள் என்றுதான். வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அவள் ‘இன்று’ என்று தலைப்பிட்டு, என் பழைய எழுத்துருவிலேயே ஒரு படம் போடுவாள்: ‘இன்று: எங்கள் மாமா காப்பை மறந்த நாள். யாரும் வரலாம். யாரும் போக முடியாது.’

சிங்கப்பூரிலிருந்தெல்லாம் கைதட்டல் வருகிறது. என் கவிதைக்கு வந்ததை விட அதிகம். நன்றி சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் விரல் துடிக்கும். ஆனால் இப்போது அந்தக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும்.