எக்ஸ்க்ரூஷியேட்டிங் வரை ஐந்து படிகள்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் மூட்டம், நண்பகலுக்குப் பின் இளவெயில்.

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் நான்கு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. உள்ளே மருத்துவரின் சாய்வு நாற்காலி மட்டும் காலி. ஒரு வாரமாக இதே நிலை. வந்தவர்கள் வரவேற்பாளரிடம் பேசுவார்கள். முறை வருமுன் எழுந்து போவார்கள். மறுநாள் மீண்டும் வருவார்கள். வலியும் விடவில்லை, பயமும் விடவில்லை போலும் என்று மருத்துவர் இரக்கப்பட்டார்.

பயத்துக்குக் காரணம் யார் என்பதும் அவருக்குத் தெரியும். வரவேற்பாளர் ஐம்பதாம் வயதில் ஆங்கிலச் சொல்வளம் பெருக்கப் புறப்பட்டிருந்தார். ஒவ்வொரு சொல்லையும் பொருளோடும் ஒத்த சொற்களோடும் கற்று, அன்றைக்கே பிறரிடம் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய பாடநூலின் விதி. பிறர் எனப்படுவோர், அஃதாவது நோயாளிகள்.

"இன்னிக்கு இன்னும் ஒருத்தர் பயந்து ஓடினாலும், நாளைக்கு நீங்க வர வேண்டாம்," என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வரவேற்பாளர் வாயை இறுக மூடிக்கொண்டார். அதனால் யாரும் ஓடவில்லை. உள்ளேயும் போகவில்லை. "முதல்ல அவங்க போகட்டும்," என்று ஒருவரை ஒருவர் கைகாட்டியபடி மாலை வரை உட்கார்ந்திருந்தனர்.

இறுதியில் அவர்களில் ஒருவரான வேன் ஓட்டுநர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரவேற்பாளரிடம் கேட்டார்: "பல்லைப் புடுங்கினா வலிக்குமாண்ணே?"

"வலின்னு சொல்லக் கூடாது தம்பி. டிஸ்கம்ஃபர்ட். அதாவது அசௌகரியம்."

"அவ்வளவுதானா?"

விளக்கம் பாதியில் நிற்பது வரவேற்பாளருக்குப் பொறுக்காது. "ஒரு படி மேல போனா ஏக், குடைச்சல். அப்புறம் டார்மென்ட், சித்திரவதை. அதுக்கும் மேல அகனி, துடிதுடிக்கிற வேதனை. உச்சியில எக்ஸ்க்ரூஷியேட்டிங். உயிர் போற மாதிரி."

ஓட்டுநரின் உதடுகள் பிரார்த்தனைபோல் அசைந்தன. எழுந்து வேகமாக வெளியேறினார்.

வரவேற்பாளர் மிஞ்சியவர்களைத் தேற்ற முனைந்தார். "யாரும் பயப்படாதீங்க. உங்களுக்கு இருக்கறது வெறும் அப்ரிஹென்ஷன், வரப்போறதை நினைச்சு மனசு கலங்கறது. கை கால் நடுங்கினாத்தான் ட்ரெபிடேஷன்..."

தையல்காரரும் அவர் மனைவியும் உதடு துடிக்க ஓடினர்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார் மருத்துவர். கைக்குட்டையால் வாயைப் பொத்திய ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டுமே எஞ்சியிருந்தார்.

"க்ளினிக் சாவியை மேசை மேல வச்சிட்டுக் கிளம்புங்க," என்றார் வரவேற்பாளரிடம். பிறகு தபால்காரரைத் தாமே கைத்தாங்கலாக அழைத்துப் போய்ச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினார். "பயப்படாதீங்க ஐயா. எந்தப் பல்லு?"

தபால்காரர் கைக்குட்டையை எடுத்து வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லும் இல்லை. சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"என் பல்லு பூரா இதுக்குள்ள இருக்கு டாக்டர். எங்க நாலு பேருல யாருக்குமே பல்வலி கிடையாது. அவங்க மூணு பேரும் மறக்கறதுக்குள்ள எழுதி வைக்க ஓடியிருக்காங்க. நீங்க பாட்டுக்கு வாத்தியாரை அனுப்பிட்டீங்கன்னா, ட்ரெபிடேஷனுக்கு அடுத்த வார்த்தையை நாங்க யார்கிட்ட போய்க் கேக்கறது?"

சாவி வரவேற்பாளரின் கைக்குத் திரும்பியபோது மாலை மணி ஐந்து நாற்பத்திரண்டு.