மறைத்து வைத்த பொருக்கு

வெட்கத்தில் செத்தே போய்விட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். நான் மெய்யாகவே சாகப் பார்த்தவன். அதுவும் ஒரு பொருக்கை மறைத்ததற்காக. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கணக்கு வாத்தியார், இரண்டு பட்டம். மூளை மட்டும் கிடையாது.

எங்கள் ஊர் குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் அவரவர் குடும்பக் கல்லறையைச் சுற்றிப் புதரை வெட்டி, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கத் தயாராக்கிவிட வேண்டும். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவனும் அந்த வாரம் வெட்டுக்கத்தியோடு வந்து நிற்பான். (என்னையும் சேர்த்துத்தான்.) பக்கத்துக் கல்லறைக்காரர் மயிலாடியில் சொல்லிவைத்துக் கருங்கல் சிலுவை செதுக்கிக் கொண்டுவந்து நட்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை, கைலிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானே செய்தேன். இடுப்பளவு புதர், அதற்குள் எங்கு பார்த்தாலும் எலி வளை. களைப்பில் அந்த ஈரப் புல்லிலேயே அரைமணி நேரம் மல்லாந்து கிடந்தேன். என்னவோ என் வீட்டு மெத்தை மாதிரி.

பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. டாக்டரம்மா பொறுமைசாலி. கட்டிலருகே நின்று கேட்டார்.

"உடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்கு இருக்கா? சிகரெட்டால சுட்ட மாதிரி. வலிக்காது."

இருந்தது. அவர் சொன்ன மாதிரியே, அச்சு அசலாக இருந்தது. இடம்தான் சரியில்லை. வலது தொடை இடுக்கு. சொல்லத்தான் வாயெடுத்தேன். டாக்டருக்குப் பின்னால் பேனாவும் பேப்பருமாக நின்ற நர்ஸைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. ஜெனிதா. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். விடையை மட்டும் எழுதி வழியைக் காட்டாததற்காக அவளை ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

"இல்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இல்லன்னா இல்ல. எனக்குத் தெரியாதா என் உடம்பு?"

முதுகைப் பார்த்தார்கள், கக்கத்தைப் பார்த்தார்கள். "சாரத்தக் கொஞ்சம் தளத்துங்க" என்றதும் இரண்டு கையாலும் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அங்கெல்லாம் நானே பார்த்தாகிவிட்டது என்று டாக்டரிடம் சிடுசிடுத்தேன். ஜெனிதா "இல்லை" என்று எழுதிக்கொண்டு போனாள். அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலாம் நாள் மூச்சு முட்டியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டினார்கள். சர்ச்சுப் பங்கிலிருந்து ஜெபம் சொல்ல வந்தவர்கள் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பொட்டலத்தோடு, கல்லறையில் நான் எதையோ கண்டு பயந்திருப்பேன் என்று என் காது கேட்கவே பேசிக்கொண்டார்கள். எழுந்து விரட்டத் தெம்பில்லை. டாக்டர் என் மனைவி ஸ்டெல்லாவை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் திரும்பி வந்து, வியர்வையில் நனைந்த என் சாரத்தை மாற்ற ஆரம்பித்தாள். நான் பழையபடி இறுக்கினேன்.

"என்னத்துக்கு இப்பிடிப் பிடிக்கிய? விடுங்க."

விரலில் பலமில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

"இது என்னது?"

"சும்மா ஒரு பொருக்கு."

"டாக்டரு கேட்டது இதத்தானா?"

நான் சாரத்தை இழுத்து மூடப் பார்த்தேன்.

"மனுசந்தானா நீங்க?" என்றாள். பிறகு வராந்தாவுக்குப் போய் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஜெனிதா மக்கா, ஓடி வா. இங்கதான் இருக்கு" என்று கத்தினாள்.

டாக்டர் வந்தார், ஜெனிதா வந்தாள், இன்னொரு நர்ஸ் வந்தாள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்தவர் செல்போன் டார்ச்சோடு வந்தார். (அவரை யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.) எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

ஜெனிதா சிரிக்கவில்லை. "வழியக் காட்டாம எழுதுனா மார்க்கு கெடையாதுன்னு நீங்கதான சொல்லுவிய, சார்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அது உண்ணிக்காய்ச்சல். புதரில் திரியும் காட்டெலிகளின் மேல் ஒட்டி வாழும், கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன உண்ணி நம்மைக் கடித்தால் கிருமி உடம்புக்குள் போய்விடுமாம். கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு. அன்றைக்கே மருந்தை மாற்றி ஊசி போட்டார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார் டாக்டர். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. போன வருடம் மகளைக் கட்டிக்கொடுத்தோம். புது மாப்பிள்ளை முதல்முறை விருந்துக்கு வந்து மீன்கறியில் கை வைத்ததுமே ஸ்டெல்லா ஆரம்பித்துவிட்டாள், டார்ச்சு வரைக்கும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சோறெடுக்க எழுந்த ஸ்டெல்லாவை அடுக்களைக்குள் போய்ப் பிடித்தேன்.

"வாற போற ஆளெல்லாம் என்னப் பாத்து சிரிக்கணும். அதுதான ஒனக்கு வேணும்?"

அவள் சோற்றுப் பானையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "அண்ணைக்கு டாக்டரு என்ன வெளிய கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ஆனா உறுதி சொல்ல முடியாதுன்னு சொன்னாவ. அத நான் ஒருத்தருட்டயும் சொல்லல்ல. சிரிச்சுச் சொன்னாத்தான் எனக்கு அந்தக் கதயச் சொல்ல முடியுது."

திரும்பிப் போய் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தேன். புது ஆள் என்பதால் ஸ்டெல்லா பொருக்கு இருந்த இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"வலது தொடை இடுக்குல, மாப்ள" என்றேன்.