கொஞ்சூண்டு இழுத்துவிடுபவர்

படம் எடுப்பவர்கள் ஒரு ரகம். படத்துக்கு நிற்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாரும் வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை மறந்தே போன பிறகு, அதைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் தாடையை ஒரு நூல் உள்ளே தள்ளி, தோளை ஒரு நூல் கீழே இறக்கி, தொப்பையைப் பக்கவாட்டில் அமுக்கி, ஆண்டவன் அவசரத்தில் பாதியில் விட்டுப்போன வேலையை முடித்துக் கொடுக்கும் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. இவர்களுக்குக் கூலி வேண்டாம். நன்றி வேண்டாம். உங்கள் அனுமதியும் வேண்டாம், சிக்கலே அங்கேதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில், இந்த ரகத்தின் ஒரே பிரதிநிதி டுவெய்ன் கெஸ்ஸனிக். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற மனிதர் நாள் முழுக்கச் சமையலறையில் வந்து நிற்கிறாரே என்று அவர் மனைவி லொரெய்ன் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதில் ஒரு வட்டம் வரும். வட்டத்தை மூக்கின்மேல் வைத்து இழுத்தால் மூக்கு ஈரக் களிமண் மாதிரி கூடவே வரும். டுவெய்ன் முதலில் இழுத்தது மாமனாரின் மூக்கை. முப்பது வருஷத்து ஆசை, ஒரே இழுப்பில் தீர்ந்தது. அன்று பிடித்ததுதான்.

அதன் பிறகு அவரால் எந்த மனிதரையும் சும்மா பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஊரே கூடும் சாப்பாட்டு விடுதியில் மீன் வறுவலுக்கு உட்கார்ந்திருப்பார்; எதிரில் இருப்பவர் தன் முட்டிவலியைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்; டுவெய்னின் வலதுகைச் சுட்டுவிரல் மட்டும் மேஜை விரிப்பின்மேல் மெல்ல இடப்பக்கம் நகரும். புரிந்துகொள்ளுங்கள்: உங்கள் காது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஞானஸ்நானப் படத்தில் குழந்தையின் கன்னத்தைக் குறைத்தார். கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கப்போகும் வங்கி மேலாளர் மாதிரி ஆகிவிட்டது பிள்ளை. பாதிரியாரின் இடுப்பை ஒடுக்கினார். பின்னால் இருந்த தேவாலயத்துத் தூணும் கூடவே ஒடுங்கி, கூரை எப்படி நிற்கிறது என்று பார்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்.

"கொஞ்சூண்டுதான் இழுத்தேன்! யாருக்குத் தெரியப்போகுது?"

ஊர் அவரைத் துரத்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? எங்கே! மீன் பிடிக்கிறவர்கள் பிடித்த மீனோடு எடுத்த படங்களைக் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். மனிதர்களை ஒடுக்கும் டுவெய்ன் மீன்களை உப்பவைத்துக் கொடுப்பார். கல்யாண நாள் படம் ஒன்றில் பதினேழு பேரைச் சரிசெய்துவிட்டு ஒருத்தியை மட்டும் தற்செயலாக விட்டுவிட்டார். அந்த அம்மாள் வாசல்வரை வந்துவிட்டாள். "ஏன், நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

இப்படிப் பேரும் புகழுமாக இருந்த மார்ச் மாதத்தில்தான் மஃபின் காணாமல் போனது.

மஃபின் டுவெய்னின் அக்கா ஆர்லீனுடைய நாய். ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவர் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே துணை அதுதான். பீப்பாய் மாதிரி வயிறு. இடது காது பாதியில் மடங்கித் தொங்கும். கீழ்ப்பல் ஒன்று வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு எப்போதும் காற்று வாங்கும். வாயிற்கதவைக் காற்று திறந்துவிட, நாய் போய்விட்டது. ஏரியில் பனிக்கட்டி உருகத் தொடங்கிய சமயம். வெளியே கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதை நினைத்துத்தான் ஆர்லீன் நாயின் படத்தோடு தம்பி வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"டேய் டுவெய்ன், இந்தப் படத்தப் போட்டு போஸ்டர் அடிச்சிக் குடுடா. ஒண்ணும் பண்ணாத. அப்படியே போடு."

"தொடவே மாட்டேன்க்கா."

சத்தியமாகத்தான் சொன்னார். ஆனால் படம் திரையில் பெரிதாக விரிந்தபோது அந்தக் காது கண்ணை உறுத்தியது. பாவம், அக்காவின் நாயை ஊரே பார்க்கப்போகிறது. நன்றாக இருக்க வேண்டாமா? காதை நிமிர்த்தினார். காது நிமிர்ந்ததும் பல் உறுத்தியது. பல் உள்ளே போனதும் வயிறு. இருபது நிமிஷத்தில், பந்தயத்தில் பரிசு வாங்கிய நாய் ஒன்று கம்பீரமாக அவரைப் பார்த்தது. அன்பு மிகுந்துதான் செய்தார், அதை மறக்காதீர்கள். லொரெய்ன் எட்டிப் பார்த்தாள்.

"யாரோட நாய் இது?"

"என்ன கேள்வி கேக்கற? மஃபின்தான்."

"அப்படியா! நான் பாத்தப்ப இவ்வளவு நல்லா இல்லியே!"

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அறுபது போஸ்டர்களைத் தானே நடந்து ஒட்டினார். ஆர்லீன் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. படத்தில் அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கம்பம் வரும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அழைப்புகள் வராமல் இல்லை. மூன்று வந்தன. மூன்றும் ஒல்லியான, காது விறைத்த, அழகான நாய்கள். ஒவ்வொரு முறையும் ஆர்லீன் ஓடிப்போய்ப் பார்த்து, அந்த நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பேருந்தை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு வழியெல்லாம் ஏரியையே பார்த்தாள். பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போனார்கள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மீன் வறுவலுக்குச் சாப்பாட்டு விடுதிக்குப் போன டுவெய்ன், கிழிந்துபோன போஸ்டருக்குப் பதில் புதிதாக ஒன்று ஒட்டப் பின்பக்கச் சமையலறைக்குள் நுழைந்தார். கதவில் அவர் ஒட்டிய போஸ்டர் ஓரம் கிழிந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே, ஒரு பழைய துண்டின்மேல், வயிறு ஒரு பக்கமும் பல் ஒரு பக்கமுமாக மஃபின் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"நோரீன்! இந்த நாய் எத்தன நாளா இங்க இருக்கு?"

சமையல்காரி நோரீன் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திங்கக்கிழமையிலேருந்து. எந்த வீட்டுதுன்னே தெரியல. நல்லா மீன் தின்னுது."

"போஸ்டரப் பாக்கலியா நீ?"

"தெனமும்தான் பாக்கறேன். இதோட பக்கத்துல வெச்சே பாத்தேன். அது ராஜா மாதிரி இருக்கு, இது மூட்டை மாதிரி இருக்கு. எப்படிங்க ஒண்ணாகும்?"

போஸ்டரைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணிக்கலாமா என்று டுவெய்னின் கை ஒரு கணம் போனது. பிறகு அந்தக் கையாலேயே அக்காவுக்குப் போன் செய்தார்.

ஆர்லீன் பேருந்திலேயே வந்து இறங்கினாள். மஃபின் அவள்மேல் ஏறிய ஏற்றத்தில் இரண்டு பேரும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். அழுது, சிரித்து, மடங்கிய காதுக்கு முத்தம் கொடுத்து நிமிர்ந்தவளின் கண் போஸ்டரில் விழுந்தது. இந்தத் தடவை அவள் தலையைத் திருப்பவில்லை. படத்தைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"கொஞ்சூண்டுதான்க்கா..." என்றார் டுவெய்ன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அஞ்சு நாளுடா. அஞ்சு நாளா அந்த ஐஸையே பாத்துக்கிட்டிருந்தேன். எங்க ஓட்ட விழுந்திருக்கோ, எங்க முங்கிப்போச்சோன்னு. இது இங்க, என் வீட்லேருந்து நாலு தெரு தள்ளிப் படுத்துக் கெடந்திருக்கு."

முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் வீட்டு ஹீட்டரைத் திறந்து 'எங்கே கோளாறு' என்று விரல் நீட்டிக் காட்டிய மனிதர், நீட்டுவதற்கு வேறு இடம் இல்லாமல் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"தப்புதான்க்கா."

ஆர்லீன் நாயின் மடங்கிய காதை நீவிவிட்டாள். பிறகு, "அதுக்கு என்னடா கொறச்சல்னு இழுத்த?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவரைக் கொன்றது. அன்று அவர் மீன் சாப்பிடவில்லை. அறுபது போஸ்டரையும் மறுநாள் அவரே கழற்றினார்.

திருந்திவிட்டாரா? இன்றைக்கும் படங்களைத் திறக்கிறார். இழுப்பதற்குமுன் இப்போது போன் செய்து கேட்கிறார். வருத்தம் என்னவென்றால், இதுவரை ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டிருக்கும் வாசகரே, நீங்கள் அந்த ரகம் இல்லை, தெரியும். உங்கள் கணினியில் அந்த வட்டமே கிடையாது. ஆனால் நாளை காபி குடிக்கும்போது இந்தக் கதையை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். அப்போது ஐந்து நாள் பத்து நாளாகும். நாய் எருமைக்கன்று அளவுக்கு வளரும். நோரீன் கையில் கரண்டியோடு டுவெய்னை விரட்டுவாள். கேட்பவர் கண்ணைச் சுருக்கினால் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இதை எழுதும்போது நானும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். போஸ்டர் அறுபதெல்லாம் இல்லை, நாற்பதுதான்.