சிம்பலை விட்டால் பாடகி தலையில்

அன்புள்ள அத்தைக்கு,

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்ட வாக்கியத்தை முதலில் எழுதிவிடுகிறேன்: "நான் இங்கே வேலை பார்க்கிற பெண் இல்லை, டிக்கெட் வாங்கிப் பாட்டுக் கேட்க வந்தவள்." இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நலம் விசாரிப்பதற்கு முன்பே வாக்குமூலத்தில் இறங்கியதற்கு மன்னிக்கவும். ஆபரேஷன் செய்த முழங்காலோடு நீங்கள் சுவரைப் பிடிக்காமல் நடப்பதாக மாமா சொன்னார், சந்தோஷம். அம்மா நலம். அப்பாவைப் பற்றிக் கீழே வருகிறது.

உங்கள் கல்யாணத்துக்கு முன்னால், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு நாம் கேட்ட அதே இசைக்குழுவின் நாலு பேர், டயர் கடைக்கு மேலே இருக்கும் சின்ன ஹாலில் பாடப்போகிறார்கள் என்றதும் நீங்கள் கட்டிலில் படுத்தபடியே என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த மெதுவான பாட்டு வரும்போது போன் போடு, நான் இங்கிருந்தே கேக்கறேன்." சரி என்றேன். அப்பாவுக்கு டிரம் சத்தம் என்றாலே தலைவலி என்பதால் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த யோசனை உங்களுடையது என்பதை இங்கே பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

முன்வரிசை வேண்டும் என்று சீக்கிரமே போய் நின்றேன். சாவிக்கொத்தோடு கதவருகில் இருந்த ஹால்காரர் என் கறுப்புச் சட்டையைப் பார்த்ததும், "இவ்வளவு லேட்டாவாம்மா வர்றது? மேல ஓடு, தேடிக்கிட்டிருக்காங்க" என்றார். மேடை வேலைக்கு வரவேண்டிய யாரோ வரவில்லை, அவளும் கறுப்புச் சட்டைக்காரி போலிருக்கிறது. மறுத்தால் பேச்சு வளரும், வெளியே வெயில், உள்ளே அவர்கள். ஓடினேன். மேலே டிரம்மர், அதாவது நாம் தாடிக்காரர் என்று பெயர் வைத்திருந்தோமே அவரேதான், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "இதைப் பிடி" என்றார். பிடித்தேன். பெரிய சிம்பல், டிரம்மோடு சேர்த்து அடிக்கிற பித்தளைத் தட்டு, அத்தை, நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி இருக்கும். அதன் தாங்கியை இறுக்குகிற திருகு வழியில் எங்கேயோ விழுந்துவிட்டதாம். டேப் சுற்றியிருந்தார்கள், ஒரே அடியில் கழன்றுவிட்டது. "ரெண்டு கையாலயும் இங்க அழுத்திக்க. விட்டா நேரா பாடகி தலையிலதான். புரியுதா?" சரி என்றேன். அந்த ஒரு சொல்லை என் வாயிலிருந்து யாராவது பறிமுதல் செய்தால் நல்லது.

இப்படியாக என் உயிருக்குயிரான குழுவை நான் முதுகுப் பக்கமாகத் தரிசித்தேன். பாடகியின் சட்டை லேபிள் கழுத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதை உள்ளே தள்ள முடியாமல் தவித்தேன். பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால் பெரிய அடி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், அதுதான் வினை, அடி விழுவதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவேன், தாங்கி ஒரு நூல் இறங்கும், நான் ஒரு நூல் ஏற்றுவேன், கூட்டம் கைதட்டும், எனக்கு விரல் மரத்துப்போகும். ஒருமுறை வழுக்கியே விட்டது. நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினேன். பாடகி திரும்பவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்த நிலைமையில்தான் நம் மெதுவான பாட்டு ஆரம்பித்தது, ஹாலே மூச்சுவிடாமல் நின்றது, என் சட்டைப் பையில் போன் அடித்தது. அத்தை, நான் போடுகிறேன் என்றுதானே சொன்னேன், நீங்கள் ஏன் போட்டீர்கள்? பாட்டு நின்றது.

"யாருது?" என்றார் பாடகி, திரும்பாமலே.

"என்னோடது. அத்தை."

"அப்ப எடுங்க."

"கை இல்லை."

தாடிக்காரர் உதவும் எண்ணத்தில் போனை உருவி, "அவங்களால இப்பப் பேச முடியாதுங்க. கையை எடுத்தா உயிருக்கே ஆபத்து" என்றார். "யாருடா நீ, என் பொண்ணை என்ன பண்றே?" என்று நீங்கள் கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது. அதற்கும் கைதட்டினார்கள். அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். "பாவம், அத்தை பாட்டை இன்னொரு தடவை கடைசியில பாடலாம்" என்று பாடகி சொன்னார். அந்தக் கடைசிக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

அதற்குள் நீங்கள் அப்பாவுக்கு நூலகம், டயர் கடை, உயிருக்கு ஆபத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டிருக்கிறீர்கள். அப்பா ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அம்மா செருப்புமாக, கூட்டத்தை இடித்துக்கொண்டு நேரே மேடைக்கு ஏறினார்.

"கையை எடு. வீட்டுக்குப் போலாம்."

"முடியாதுப்பா. விழுந்துடும்."

"யார் மேல?"

கண்ணால் காட்டினேன். அப்பா சிம்பலைப் பார்த்தார், பாடகியின் தலையைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார்.

"எங்க பிடிக்கணும்?"

"இங்க. மூணாவது வரி முடிஞ்சதும் பெருசா அடிப்பார். அப்ப இன்னும் அழுத்தணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா என் கையை ஒதுக்கிவிட்டுத் தாங்கியைப் பிடித்தார். "சரி, இங்கிருந்து என்ன தெரியும் உனக்கு? முன்னாடி போய் நில்லு" என்றார்.

தாடிக்காரரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு இறங்கி முன்னால் போய், நம் பாட்டு மறுபடி ஆரம்பித்ததும் உங்களுக்குப் போன் போட்டேன். லைன் பிஸி. நீங்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். பாட்டு முடியும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன், நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். பாடகியின் முகத்தை அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தேன். அவர் தோளுக்குப் பின்னால், ஒவ்வொரு அடிக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் அப்பாவைத்தான் அதிகம் பார்த்தேன். சிம்பல் அசையவில்லை.

முடிந்ததும் அப்பா, கணக்கு வாத்தியார் அல்லவா, "கடைசியில கொஞ்சம் அவசரப்பட்டீங்க" என்று தாடிக்காரரிடம் சொன்னதுதான் அங்கே அவர் பேசியது. பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நூலகம் நல்லா இருந்துச்சா?"

ஆகவே அத்தை, அப்பா ரொம்பக் கோபமாக இருக்கிறார். அந்தக் குழுவின் பேச்சை அவரிடம் எடுக்க வேண்டாம். இனி அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன் என்கிறார், டிரம் என்ற சொல்லே நம் வீட்டில் கூடாது என்கிறார், நானும் சரி என்றிருக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம். முழங்கால் சீக்கிரம் தேறட்டும், போனை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் அந்தக் குழுவின் வேன் சத்தம். திருகு இன்னும் கிடைக்கவில்லையாம். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு தாடிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவர்களுடைய அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். அம்மாவிடம் நூலகம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.