அடியில்லாத கூடை

பந்து கூடைக்குள் விழுந்தது. உடனே ஆட்டம் நின்றது. மைதானத்தில் இருந்த மற்ற ஒன்பது பேரும் முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பந்தைப் போட்டவன் அவன் அல்ல. கிழக்குச் சுரங்கத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் அவன் போட்ட பந்து ஒன்றுகூடக் கூடையில் விழுந்ததில்லை.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறே? குத்துய்யா!" என்று கத்தினான் ஹரோல்ட். அவன் ஸ்டோர் குமாஸ்தா. கோஷ்டிக்குத் தலைவனும் அவன்தான்.

முனிரத்தினம் கம்பத்தடிக்குப் போய் எம்பினான். மூங்கில் கூடையின் அடியில் முஷ்டியால் ஒரு குத்து. உள்ளே கிடந்த பந்து கோழிக்குஞ்சு மாதிரி விளிம்புக்கு மேல் தலையைக் காட்டிவிட்டு வெளியே குதித்தது. ஆட்டம் தொடர்ந்தது. அவன் மட்டும் அங்கேயே நின்று கையை உதறிக்கொண்டிருந்தான். விரல் முட்டிகளில் பழைய காயத்தின் மேல் புதிய காயம். அன்று சாயந்திரம் அது ஒன்பதாவது குத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம். தங்க வயலில் அந்த ஆட்டத்துக்கு அப்போது மூன்று வயது. சென்னையிலிருந்து வந்த மிஷன் வாத்தியார் ஒருவர் இரண்டு கம்பம் நட்டு, பத்தடி உயரத்தில் மூங்கில் கூடைகளை மாட்டி, பந்தை இதற்குள் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விழுந்த பந்தை எப்படி எடுப்பது என்பதை அவர் சொல்லவில்லை. துரைமாருக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. சுரங்கத்துக்கு ஒரு கோஷ்டி சேர்ந்தது. கோஷ்டியில் இருப்பவனுக்குப் பூமிக்கு மேலே வேலை. சம்பளத்தைவிட அதுதான் பெரிய சம்பளம்.

முனிரத்தினம் ஆறே கால் அடி உயரம். அந்த உயரம் பூமிக்குள் எதற்கும் உதவவில்லை. ஆறு மாதம் லெவல் என்கிற சுரங்கப் பாதையில் கூனிக்கொண்டே வேலை செய்தான். பிறகு ஒருநாள் இரண்டாயிரம் அடி ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறியது. அண்ணன் காத்தவராயனை மேலே கொண்டுவந்தபோது வேட்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அன்றிலிருந்து ஆட்களைக் கீழே கொண்டுபோகும் கேஜ் கூண்டு இறங்கும் சத்தம் கேட்டாலே முனிரத்தினம் காதைப் பொத்திக்கொள்வான். பந்தாட்டம் வந்துதான் அவனை மேலே இழுத்தது. இப்போது காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில் மெழுகுவத்தி கொடுக்கிற வேலை.

கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டான்.

ஆனால் வேலை எங்கேயும் நிலைக்கவில்லை. வடக்குச் சுரங்கத்தில் பதினோரு மாதம், தெற்கில் ஒரு வருஷம், மேற்கில் ஐந்து மாதம். ஒவ்வோர் இடத்திலும் திடீரென்று ஒருநாள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்த சுரங்கத்துக்காரன் வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்து, தலையிலிருந்து கால்வரை அளந்து, கூட்டிக்கொண்டு போனான். தன்னிடம் ஏதோ திறமை இருக்கிறது, அது வெளியே வராமல் அடம்பிடிக்கிறது என்று முனிரத்தினம் நம்பினான்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் நோட்டுப் புத்தகம். மிஷன் ராப்பள்ளியில் அவன் படித்துக்கொண்டிருந்தான். தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார் வாத்தியார். முனிரத்தினம் எழுதியது இப்படி இருந்தது:

"வடக்கு. கடைசி மாதம் போட்டது 52. விழுந்தது 1. காரணம்: கிழக்கிலிருந்து காற்று. மேலும் கம்பத்தடியில் தச்சன் ஏணி செய்துகொண்டிருந்தான், சத்தம்.

தெற்கு. போட்டது 61. விழுந்தது 2. காரணம்: புதுச் செருப்பு. கம்பத்தை ஒட்டி மேடை கட்டிவிட்டார்கள், கால் தட்டியது.

மேற்கு. போட்டது 30. விழுந்தது 0. காரணம்: காய்ச்சல். கூடையை இழுத்துக் கவிழ்க்க ஒரு கயிறு கட்டினார்கள், அது கண்ணில் பட்டது. அல்லது எனக்குப் புத்தி போதாது."

கடைசி வாக்கியத்தை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுவான். பிறகு அடிப்பான். பிறகு மறுபடியும் எழுதுவான்.

அன்று சாயந்திரம் வீங்கிய கையால் எழுதினான்: "கிழக்கு. போட்டது 7. விழுந்தது 0. காரணம்: வலது கை." எழுதிவிட்டு நிமிர்ந்தான். எட்டு மாதத்துப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தான். குத்து அதிகமான நாளிலெல்லாம் கை நடுங்கியிருக்கிறது. குத்துகிற கையாலேயே பந்தையும் எறிந்தால் எப்படி விழும்?

"பார்வதி! கண்டுபிடிச்சுட்டேன்."

அவன் மனைவி பார்வதம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். "இன்னாத்தய்யா?"

"தப்பு எம்மேல இல்ல. கைமேல."

"கை யாரோடது?"

"கிண்டல் பண்ணாதடி. இந்தக் கை ஆறிச்சுன்னா நானும் பந்து போடுவேன். போட்டேன்னா யாரும் என்னக் கீழ அனுப்பமாட்டாங்க."

அவள் துடுப்பை நிறுத்தினாள். "பந்து போடு, போடாம போ. கேஜுல மட்டும் ஏறாதே. ஒரு வேட்டிய அடையாளம் பாத்தது போதும் எனக்கு."

பழைய புடவையைக் கிழித்து அவன் முஷ்டியில் சுற்றிக் கட்டினாள். மறுநாள் குத்தும்போது வலிக்கவில்லை. ஆனால் எறியும்போது பந்து துணியில் வழுக்கியது. வழுக்கி, கூடைக்குப் போகாமல், தங்கம் எடுத்த பிறகு கொட்டிய வெள்ளை சயனைடு மண் மேட்டின் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரையின் தேநீர்க் கோப்பைக்குப் போனது. கோப்பை உடைந்தது. தேநீர் துரையின் மடியில்.

"கட்ட அவுருய்யா!" என்றான் ஹரோல்ட். "கை இருந்தா போதும், துணி வாணாம்."

"கை போயிட்டே இருக்குதுங்க. ஒரு ஏணி செஞ்சு வெச்சா யாராச்சும் ஏறி எடுத்துக்கலாமே?"

ஹரோல்ட் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஏணிய மட்டும் நீ கேக்காதே முனிரத்தினம். வேற யார்னா கேட்டாகூட நான் வாணாம்னுதான் சொல்லுவேன்."

பொல்லாத கருமி என்று முனிரத்தினம் நினைத்துக்கொண்டான். ஏணி இல்லாவிட்டால் கழி. கட்டை அறுக்கும் இடத்திலிருந்து இரும்புப் பூண் போட்ட நீளமான மூங்கில் கழி ஒன்றை எடுத்துவந்தான். அடுத்த பந்து விழுந்ததும் கீழே நின்றபடியே கூடையின் பின்னலுக்குள் கழியைச் செருகி மேலே தள்ளினான்.

'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது.

பந்து வெளியே வந்தது. ஆனால் உருண்டையாக வரவில்லை. பிழிந்த துணி மாதிரி கழி நுனியில் தொங்கியது. தங்க வயல் முழுக்கத் தேடினாலும் கிழக்குச் சுரங்கத்துக்கு அது ஒன்றுதான் பந்து.

துரை நாற்காலியிலிருந்து எழுந்து பங்களாவுக்குப் போனார்.

மறுநாள் காலையில் டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக கொர்னேலியஸ் அவனைக் கூப்பிட்டார். யார் மேலே, யார் கீழே என்று தினமும் கணக்கு வைப்பவர் அவர். சனிக்கிழமை ஆட்டத்தில் பாயிண்டு எழுதுவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுகிறவர் என்பதால் கெட்ட செய்தியைக்கூட மெல்லிய குரலில்தான் சொல்வார்.

"முனிரத்தினம், துரை மேல் வேலையில ஆள் ஜாஸ்தின்னு சொல்றார். பேர் பட்டியல் கேட்டிருக்கார்."

"என் பேரு?"

"இன்னும் எழுதல. பந்தை ஆண்டர்சன்பேட்டை சக்கிலியன்கிட்ட தைக்கக் குடுத்திருக்கு. வர்ற சனிக்கிழமை மேற்குச் சுரங்கத்தோட ஆட்டம். மத்த துரைமாரெல்லாம் வர்றாங்க. ஒழுங்கா நட."

ஒழுங்கா நட என்றால் பந்து போடு என்று முனிரத்தினத்துக்கு அர்த்தமாயிற்று. ஐந்து நாள் இருந்தது. நோட்டைத் திறந்து ராப்பள்ளிக் கணக்கு மாதிரி வரிசையாக எழுதினான். கையால் எடுத்தால் கை போகிறது. கழியால் எடுத்தால் பந்து போகிறது. ஏணிக்கு ஹரோல்ட் விடமாட்டான். ஆகவே பந்தை எடுக்கவே கூடாது. எடுக்காமல் அது எப்படி வெளியே வரும்?

வெகுநேரம் யோசித்தான். பிறகு நோட்டை மூடிவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்தான்.

கூடை பின்னுகிற வெங்கடம்மா கடைத்தெரு ஓரத்தில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டு கூடை வேணும். வாய் இந்த அளவு. அடி வேணாம்."

"அடி சின்னதா?"

"அடியே வேணாம்."

வெங்கடம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அதுல இன்னாய்யா வைப்பே? காத்தா?"

"பந்து போட்டா தானா கீழ வந்துடணும்."

"கீழ வர்றதுக்கு எதுக்குய்யா மேல போடறீங்க?"

முனிரத்தினம் மறுபடியும் கையை விரித்து வாயின் அளவைக் காட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டே பின்ன ஆரம்பித்தாள். "அடிய எடுத்துட்டா கூடைக்கு ஏதுய்யா வேலை? அய்யோ ராமா, நாப்பது வருசத்துல இப்பிடி ஒரு கிராக்கி வந்ததில்ல."

சனிக்கிழமை மத்தியானமே போய் அவனே எம்பி எம்பிப் பழைய கூடைகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினான். ஹரோல்ட் வந்து அண்ணாந்து பார்த்தான். கூடை வழியாக வானம் தெரிந்தது.

"இத்த யாரு செய்யச் சொன்னது?"

"நானேதாங்க."

"உனக்குப் பரவாயில்லையா?"

"எனக்குத்தாங்க நல்லது! கை தப்பிச்சுதே."

ஹரோல்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் துரைமார் வண்டிகள் வந்துவிட்டன. "சரி. நீ சொன்னா சரி" என்று போய்விட்டான்.

அப்படி ஓர் ஆட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை. பந்து கூடையில் விழும், கீழே வரும், வந்த வேகத்தில் அடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். நடுவில் நிற்பதே இல்லை. துரைமார் நாற்காலியில் உட்கார மறந்துபோனார்கள். முதல் அரைமணி நேரம் பழக்கதோஷத்தில் முனிரத்தினம் ஒவ்வொரு பந்துக்கும் கம்பத்தடிக்கு ஓடினான். ஓடிப்போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றான். அப்புறம்தான் தான் ஆடலாம் என்பது அவனுக்கு நினைவு வந்தது.

ஆட்டம் முடிகிற சமயம். பந்து அவன் கைக்கு வந்தது. கை வலிக்கவில்லை, நடுங்கவில்லை. எறிந்தான். பந்து விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே இறங்கி, கீழே வந்து, அவன் காலடியிலேயே விழுந்தது.

கிழக்குச் சுரங்கம் ஜெயித்தது. மேற்குச் சுரங்கத்துத் துரை கூடைக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். முனிரத்தினத்தைக் காட்டினார்கள். துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தடவை அவன் உயரத்தை யாரும் அளக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்வதம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். "ஒண்ணுதானே போட்டே? ஊரையே ஜெயிச்ச மாதிரி சிரிக்கிறே" என்று அவனைக் கேலி செய்தாள். பிறகு அவளும் சிரித்தாள். நோட்டில் அவன் எழுதினான்: "போட்டது 3. விழுந்தது 1. காரணம்: என் புத்தி." இந்த வாக்கியத்தை அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஷாப்ட் வாசலுக்குப் போனான். மேல் வேலைப் பலகையில் அவனுடைய பித்தளை நம்பர் வில்லையைக் காணோம். ஆணி வெறுமையாக இருந்தது. தேடிப் பார்த்தான். பக்கத்துப் பலகையில், இரண்டாயிரம் அடி லெவலுக்குப் போகிறவர்கள் வரிசையில், கடைசியாகத் தொங்கியது. மெழுகுவத்திப் பெட்டிக்குப் பின்னால் வேறு ஒருவன் நின்று, முகத்தைப் பார்க்காமல், ஒன்றை அவனிடம் நீட்டினான்.

அவன் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடினான்.

"ஐயா, என் வில்லைய மாத்தி மாட்டிட்டாங்க."

கொர்னேலியஸ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாத்தியெல்லாம் மாட்டல. துரையே சொன்னார்."

"சனிக்கிழம நான் பந்து போட்டேங்களே! நீங்கதானே பாயிண்டு எழுதினீங்க?"

"எழுதினேன். நல்லாத்தான் போட்டே."

"அப்ப நான் வேற சுரங்கத்துக்குப் போறேன். நந்திதுர்க் பக்கம் புதுசா கோஷ்டி சேக்கறாங்களாம். அவங்க என்ன எடுத்துப்பாங்க."

"அவங்களும் அன்னிக்கே வெங்கடம்மாகிட்ட ரெண்டு கூடை சொல்லிட்டாங்கப்பா. வடக்கு, தெற்கு, மேற்கு, எல்லாரும் சொல்லியாச்சு. உன் கூடைதான் வேணுமாம்."

"கூடை வேணும், நான் வேணாமா? ஏங்கய்யா, நாலு சுரங்கம் என்னத் தேடிவந்து கூட்டிக்கினு போச்சே?"

பின்னால் கேஜ் மணி மூன்று தடவை அடித்தது. கொர்னேலியஸ் பேனாவைக் கீழே வைத்தார். கோயிலில் சாவுச் செய்தி படிக்கிற குரலில் சொன்னார்:

"முனிரத்தினம், நாலு சுரங்கமும் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனது பந்தைக் கூடையில போடறதுக்கு இல்லப்பா, எடுக்கறதுக்கு."