தட்டுல மிஞ்சின கடைசித் துண்டு

உக்காருங்கப்பா, உக்காருங்க. இந்த ஊர்ப் பொதுக் குளியல் வீட்டுல குளிச்சு முடிச்சவங்க துண்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க. ஏ சொஹெய், பால் பாட்டில அப்படி உறிஞ்சாத, கன்னுக்குட்டி வந்துட்டுதுன்னு நினைச்சுட்டேன். சுவத்துக்கு அந்தாண்ட குளிக்கிற பொம்பளைங்களும் கொஞ்சம் வாய மூடுங்க. மிட்சுயே அக்கா இன்னிக்கு வரலைன்னு பாத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கறேன். அவங்க வீட்டுக்காரரு தொகுசோ அண்ணன் இங்கதான் இருக்காரு. ஆனா நான் வாயத் தொறந்ததும் வெந்நித் தொட்டியில மூக்கு வரைக்கும் முங்கிட்டாரு. முங்கட்டும். கதை முடியறதுக்குள்ள வெந்துடாம இருந்தாச் சரி.

மண்ணெண்ணெய் அடுப்பு ரிப்பேர் பண்ற தொகுசோவுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஏக்கம். சூரை மீனோட அடிவயித்துக் கொழுப்புத் துண்டம். நம்மளது மலை ஊரு. மீன் இங்க ஏறி வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கிடும். வந்தாலும் மிட்சுயே வாங்க மாட்டாங்க. டாக்டர் அவரு ரத்தத்தப் பாத்துட்டு, "இதுல விளக்கெரிக்கலாம்"னு சொன்னதுலேர்ந்து வீட்டுல சோயாப் பால் கட்டி, அதான் டோஃபு, அது மட்டும்தான். காலைல வெள்ளை டோஃபு, மத்தியானம் வறுத்த டோஃபு, ராத்திரி காலைல மிஞ்சின டோஃபு.

அண்ணன் அடுப்புக்குள்ள தலைய விட்டுக்கிட்டு கனவு காணுவாரு. கல்யாணம் ஆன புதுசுல மிசாக்கி துறைமுகத்துக்குப் போயிருந்தாங்க ரெண்டு பேரும். பத்துப் பேரு நுழைஞ்சா பதினோராவது ஆளு ஜன்னல்ல தொங்கணும், அவ்வளவு சின்னக் கடை. சூரை மட்டும்தான், பச்சையாவே நறுக்கி வெப்பாங்க. தட்டுல மிஞ்சின கடைசிக் கொழுப்புத் துண்டம் அவரு நாக்குல பட்டதும் ஒரு பெருமூச்சு மாதிரி கரைஞ்சுதாம். அதுக்கப்புறம் அவரு விட்ட பெருமூச்செல்லாம் அதை நினைச்சுத்தான்.

போன மாசம் ஒரு முடிவுக்கு வந்தாரு. சாகறதுக்குள்ள இன்னொரு துண்டம். நைசா ஆரம்பிச்சாரு.

"மிட்சுயே, உனக்குக் கடல் பாக்கணும்னு ஆசைதானே?"

"எனக்கா? போன வருஷம் கேட்டேன். கடல்னா உப்புத் தண்ணிதானே, தொட்டியில உப்பப் போட்டுப் பாத்துக்கோன்னீங்க."

"அது போன வருஷத்து நான்."

"இந்த வருஷத்து நீங்க எங்க கூட்டிட்டுப் போறாப்ல?"

"மிசாக்கி."

முள்ளங்கி நறுக்கிக்கிட்டிருந்த கத்தி ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் மறுபடி டக்கு டக்குன்னு ஓடிச்சு.

"சூரை ஊரு."

"அங்க சூரையும் இருக்கா? அட."

"நீங்க செவப்புச் சதை மட்டும்தான் தொடணும். கொழுப்பு எனக்கு. உங்களுக்கு இருக்கற கொழுப்பே போதும்."

"தொட மாட்டேன். டாக்டர் மேல சத்தியம்."

"அவரு மேல பண்ணாதீங்க. பாவம், புள்ளகுட்டிக்காரரு."

இவ்வளவு சுலுவா ஒத்துக்கிட்டாரே, ஏன்? இங்கதான் அண்ணனோட மூளை. பொதுத் தட்டுல கடைசியா ஒரு துண்டு மிஞ்சினா நம்ம ஊர்ல எவனும் கை வைக்க மாட்டான். நாய்க்கே வெக்கமா இருக்கும். பக்கத்துல இருக்கறவங்க "நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்லணும். மொதத் தடவை சொன்னதுமே எடுத்தா பேராசைக்காரன். ரெண்டாந் தடவை எடுத்தா அவசரக்குடுக்கை. மூணாந் தடவை எடுத்தா அவன் பண்பாளன். அண்ணன் வீட்டுல கல்யாணமான நாள்லேர்ந்து கடைசித் துண்டு எல்லாம் அப்படித்தான் அவரு வாய்க்குப் போயிருக்கு. மிட்சுயே மூணு தடவை சொல்லுவாங்க, அண்ணன் பண்பாளனா சாப்பிடுவாரு. மூணு தடவை உபசரிச்சதுக்கு அப்புறமும் தட்டிக் கழிச்சா மரியாதைக் குறைவாச்சே. டாக்டர் என்ன பண்ணுவாரு?

போனாங்க. புல்லட் ரயிலு, செவப்பு ரயிலு, அப்புறம் பஸ்ஸு. மிட்சுயே வழியெல்லாம் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாங்க. அண்ணன் வழியெல்லாம் எச்சில் முழுங்கிக்கிட்டு வந்தாரு. கடல் வந்ததும் அவங்க, "எவ்வளவு பெருசு"ன்னாங்க. இவரு, "தட்டா?"ன்னு கேட்டாரு.

கடை அப்படியே இருந்துச்சு. பழைய மொதலாளி போயிட்டாரு. அவரு மகன் இவாமி சாப்பாட்டுப் பலகைக்கு அந்தாண்ட கத்தியோட நிக்கறாரு. பேசாத மனுஷன். வாங்கன்னு சொல்ல ஒரு தலையாட்டு, என்ன வேணும்னு கேக்க ஒரு புருவம். அந்த ஊர்க்காரங்களே அவரு குரலைக் கேட்டது கெடையாதாம். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு தட்டு வெச்சாரு. ஒரு பக்கம் கருஞ்செவப்பு, நடுவுல ரோஸ், அந்தக் கடைசியில பனி விழுந்தாப்ல வெள்ளை வரி ஓடற அடிவயிறு.

அண்ணன் செவப்ப எடுத்தாரு. மிட்சுயே வெள்ளைய எடுத்தாங்க. கண்ண மூடினாங்க.

"ஏங்க."

"என்ன?"

"இது எப்படி இருக்குன்னா..."

"சொல்லாத."

"வெண்ணெய் மாதிரின்னு சொல்லுவாங்க. இல்லவே இல்ல. மொதல்ல குளுகுளுன்னு இருக்கு, அப்புறம் யாரோ மெதுவா..."

"நான் வசாபி கலக்கிக்கிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாத."

கலக்கின கலக்குல அந்தப் பச்சைக் கார விழுது கரைஞ்சு சோயா சாஸே பச்சையா மாறிடுச்சு. அவங்க ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க, இவரு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டாரு: சாப்பிடு தாயே, சாப்பிடு. கடைசி ஒண்ணுக்கு நீ வந்துதான் ஆகணும்.

வந்தாங்க. தட்டுல எல்லாம் காலி. ஒரே ஒரு வெள்ளை வரித் துண்டம். வெளக்கு வெளிச்சத்துல கன்னத்துல எண்ணெய் தடவின புதுப்பொண்ணு மாதிரி பளபளன்னு ஒக்காந்திருக்கு. மிட்சுயே சாப்பிடற குச்சிய ஓரமா வெச்சாங்க.

"நீங்க சாப்பிடுங்க."

அண்ணன் வாயில எச்சில் ஊறுது. முகத்துல ஒரு துறவி.

"சேச்சே, நீ சாப்பிடு."

"பரவால்ல, நீங்க சாப்பிடுங்க."

"எனக்கெதுக்கு? டாக்டர் வேற சொல்லியிருக்காரு."

அவ்வளவுதான். அடுத்தது மூணாவது. கை அதுவாவே குச்சிகிட்டப் போயிடுச்சு. மிட்சுயே டீய எடுத்து ஒரு வாய் குடிச்சாங்க.

"வெளியில அந்தப் பருந்தப் பாத்தீங்களா? ஒருத்தரு கையிலேர்ந்து பன்னைப் புடுங்கிட்டுப் போயிடுச்சு."

"பருந்து கெடக்கட்டும்."

"ஊறுகா நல்லா இருக்குல்ல? இஞ்சி போட்டிருக்காங்க."

"ஒண்ணு மிஞ்சிடுச்சே."

"ஆமா, மிஞ்சிடுச்சு."

"வீணாப் போயிடும்."

"போயிடும்."

மூணாவது வரல. டீ ஆறிடுச்சு. துண்டம் ஓரமா வேர்க்க ஆரம்பிச்சுது, அண்ணனும்தான். அதைப் பாக்கப் பாக்க அவருக்கு ஏக்கம் பொங்குது. அது மீன் ஏக்கம் மட்டும் இல்ல. அன்னிக்கு இதே பலகை முன்னாடி, கூச்சத்தோட ஒக்காந்திருந்த ஒரு சின்னப் பொண்ணு மூணாந் தடவை சொல்லும்போது குரல் எவ்வளவு இறங்கிச்சுன்னு திடீர்னு ஞாபகம் வந்துடுச்சு. அந்தக் குரலைத்தான் இத்தனை வருஷமா ருசின்னு நினைச்சுக்கிட்டிருந்தாரோ என்னவோ.

"மிட்சுயே, அன்னிக்கு நீ மூணு தடவை சொன்ன."

"சொன்னேன்."

"இன்னிக்கு ரெண்டோட நிறுத்திட்ட."

"அன்னிக்கு எதுக்கு மூணு தடவை சொன்னேன்னு தெரியுமா?"

"எம்மேல ஆசை."

"அந்தத் துண்டம் மேல ஆசை. ஒரு தடவையாவது நீங்க குச்சியால எடுத்து என் தட்டுல வெப்பீங்கன்னு நினைச்சேன். மூணாந் தடவை சொல்லும்போது அழுகையே வந்துடுச்சு."

அண்ணன் குச்சிகிட்டேர்ந்து கைய எடுத்துட்டாரு.

"திரும்பி வர்ற பஸ்ஸுல அது எப்படிக் கரைஞ்சுதுன்னு எனக்கு வெலாவாரியாச் சொல்லிக்கிட்டே வந்தீங்க. மலை ஏறி முடியற வரைக்கும் சொன்னீங்க. அப்போலேர்ந்து எனக்கும் அந்த நெனப்புதான். நான் அடுப்புக்குள்ள தலைய விடலை, அவ்வளவுதான்."

கத்திய தொடைச்சுக்கிட்டிருந்த இவாமி கையும் நின்னுபோச்சு. தொகுசோ அண்ணன் நம்மள மாதிரிதான், கெட்டவரு இல்ல. கண்ணு கலங்கிடுச்சு. தட்டை ரெண்டு கையாலயும் புடிச்சு மிட்சுயே பக்கமா நகத்தினாரு.

"நீ சாப்பிடு."

"வேணாங்க."

"சாப்பிடும்மா. மனசாரச் சொல்றேன்."

"நான்தான் நெறைய சாப்பிட்டேனே, வேணாங்க."

இனி மூணாவது. அவரு சொல்லணும். சொன்னா அவங்க எடுத்துக்குவாங்க, அதுதானே மொறை. மிட்சுயே குச்சியத் தொடல. அவரு வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, கல்யாணப் புதுசுல பாத்த மாதிரியே. அண்ணன் வாயத் தொறந்தாரு. துண்டத்தப் பாத்தாரு. வாய மூடினாரு. மறுபடி தொறந்தாரு. ஒரு பக்கம் கட்டின பொண்டாட்டி, ஒரு பக்கம் கட்டாத அடிவயிறு. தைரியத்துக்கு ஒரு வாய் ஆறின டீ குடிச்சுட்டுச் சொல்லலாம்னு டம்ளரத் தூக்கினாரு.

அந்த ஒரு வாய்தான். மிட்சுயே ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. கோவமும் இல்ல, சந்தோஷமும் இல்ல, கடலைப் பாத்தப்ப சிரிச்ச அதே சிரிப்பு. தட்டைத் தூக்கிப் பலகைக்கு அந்தப் பக்கம் நீட்டினாங்க.

"ஐயா, நீங்க சாப்பிடுங்க."

இவாமி ரெண்டு விரலால எடுத்தாரு. சோயாவுல ஒரு தொடு. வாய்ல போட்டாரு. கண்ண மூடினாரு. கைய ஏப்ரன்ல தொடைச்சுக்கிட்டாரு.

தொகுசோ அண்ணன் பலகையப் புடிச்சுக்கிட்டு எழுந்தே நின்னுட்டாரு. "ஏன்யா, ஒரு பேச்சுக்காவது வேணாம்னு சொல்லப்படாதா?"

இவாமி மென்னு முழுங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, வாயத் தொறந்தாரு.

"எனக்கு ஒரு தடவை சொன்னாலே காது கேக்கும்."